இருபது ஆண்டு உறங்கிய இசைத்தட்டு

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய கிழக்குக் கரையோர ஊர்களிலே பொல்லடி ஆடக் கண்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். ஆடுவோர் வட்டமாக நிற்கின்றனர். அவர்கள் கைகளிலே பொல்லுகள். அண்ணாவியார் பாட்டை எடுத்துக் கொடுக்க, பொல்லோடு பொல்லு மோதும் ஓசையே தாளமாகிறது. அடி ஒன்றுதான், அதுவே திரும்பத் திரும்ப வருகிறது. ஆயினும் பார்த்து நிற்போருக்குச் சலிப்புத் தட்டுவதில்லை. காலடி மாறுகிறது, வட்டம் விரிந்து சுருங்குகிறது, விரைவு சிறிது சிறிதாக ஏறுகிறது. காணும் கண்ணும் கேட்கும் செவியும் அந்த ஒரே அடியிலே கட்டுண்டு கிடக்கின்றன. கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலின் கொடியேற்ற விழாக் காலத்திலே பக்கீர் பாவாக்கள் றபான் ஒலித்துப் பாடுவதைக் கேட்டவர்களுக்கும் இந்த அனுபவம் புதியதன்று.

மாறாத ஓர் அடியிலே மனம் ஊன்றி நிற்க, அதன்மேல் சிறு சிறு மாறுதல்கள் தோன்றி மறைவது, மனிதன் கண்ட மிகப் பழைய இசை இன்பங்களுள் ஒன்றாகும். இன்று உலகத்துப் பெருநகரங்களில் இளைஞர்கள் இரவு முழுவதும் ஆடுகின்ற மின்னியல் நடன இசைக்கும் அடிப்படை இதுவே. பொல்லும் தோற்கருவியும் இருந்த இடத்தில் மின்பொறிகள் வந்து அமர்ந்தன என்பதே வேறுபாடு. அந்த மின்னியல் நடன இசையின் வரலாற்றிலே, பம்பாய் நகரத்தைச் சேர்ந்த வாத்தியக் கலைஞர் ஒருவருக்கு வியப்பான ஓர் இடம் உண்டு. அவர் பெயர் சரண்ஜித் சிங். அவருடைய இசைத்தட்டு ஒன்று பிறந்தபோதே மறக்கப்பட்டு, 20 ஆண்டுகளின் பின் கடையொன்றிலிருந்து கண்டெடுக்கப்பட்டு, உலகமெங்கும் ஒலித்த கதை கேட்டற்குரியது.

இக்கதையை விளங்கிக்கொள்வதற்கு இருவகைத் தொழில்களைப் பிரித்தறிதல் வேண்டும். ஒன்று, ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து இசையை ஆக்குவது. மற்றையது, ஆக்கிய இசைத்தட்டுகளைத் தேர்ந்தெடுத்து, எந்த வேளையில் எதை எதன்பின் ஒலிக்கச் செய்வது என்று தீர்மானித்து, கேட்போரிடம் சேர்ப்பது. முன்னவரைத் தயாரிப்பாளர் என்பர்; பின்னவரை டீஜே என்பர். நடன மண்டபத்து டீஜேக்கு மூத்த உறவினர் ஒருவர் உண்டு. அவர்தாம் வானொலியிலே இசைத்தட்டை ஒலிக்கவிட்ட அறிவிப்பாளர்.

இத்தொழில் இலங்கைக்குப் புதியதன்று. 1920களின் முற்பகுதியிலே, கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிறிய அறையொன்றிலிருந்து, எட்வர்ட் ஹார்ப்பர் என்னும் பொறியியலாளரின் முயற்சியினால் கிராமபோன் இசை முதன்முதலாக வானலையில் விடப்பட்டது. கைப்பற்றப்பட்ட செர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிகளைக் கொண்டு அமைத்த ஒலிபரப்பியே அதற்குப் பயன்பட்டதாம். 1925 டிசம்பர் 16ஆம் நாள் கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கியது. 1950களில் இந்திய அரசின் வானொலி திரைப்பாடல்களுக்கு இடம் சுருக்கியபோது, இந்தித் திரைப்பாடல்களைப் பாரதமெங்கும் கேட்கச் செய்தது இலங்கை வானொலியே. 1952இல் தொடங்கிய பினாக்கா கீத்மாலா நிகழ்ச்சியின் மூலம் அமீன் சயானியின் குரல் வீடுதோறும் புகுந்தது. தமிழிலே மயில்வாகனனின் குரலைக் கேட்பதற்காகக் கடல் கடந்தும் மக்கள் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்திருந்தனர். பாட்டை ஆக்கியவர் ஒருவர், பாடியவர் இன்னொருவர், அதனைச் செவிக்குக் கொண்டு வந்து சேர்த்தவர் மூன்றாமவர். அந்த மூன்றாமவர் இல்லையெனின் பாட்டு பேழைக்குள்ளேயே கிடந்துவிடும். சரண்ஜித் சிங்கின் வாழ்க்கை இவ்வுண்மையை நன்கு எடுத்துக் காட்டுகிறது.

சரண்ஜித் சிங் 1940ஆம் ஆண்டு பிறந்தவர். 1960கள் தொடக்கம் 1980கள் வரையிலே பம்பாய்த் திரையிசைக் குழுக்களில் வாத்தியம் வாசித்துப் பிழைத்தவர். கித்தார், பின்னர் மின் இசைப்பலகைகள், சிந்தசைசர் எனப்படும் ஒலியாக்கக் கருவி ஆகியவை அவர் கைக்குப் பழகியவை. சங்கர் ஜெய்கிஷன், எஸ். டி. பர்மன், ஆர். டி. பர்மன், லக்ஷ்மிகாந்த் பியாரேலால் ஆகிய பெரும் இசையமைப்பாளர்களின் குழுக்களில் அவர் அமர்ந்தார். 1971இல் வெளிவந்த ஹரே ராமா ஹரே கிருஷ்ணா என்னும் படத்திலே, நாடெங்கும் பரவிய தம் மாரோ தம் பாடலில் டிரான்சிகோர்ட் என்னும் மின் இசைக்கருவியை வாசித்தவர் அவரே.

அக்காலத்துத் திரையிசைக் குழுவில் வாத்தியக்காரர் நிலை எத்தகையது? காலையில் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வருவார்; முன்னால் வைக்கப்பட்ட சுரக்குறிப்பைப் பார்ப்பார்; ஒத்திகை முடிந்ததும் வாசிப்பார்; அன்றைய ஊதியத்தைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்புவார். இசைத்தட்டின் உறையிலே இசையமைப்பாளரின் பெயரும் பாடகரின் பெயரும் பாடலாசிரியரின் பெயரும் இருக்கும். பாட்டின் தொடக்கத்தில் ஒலித்து, கேட்டவர் நெஞ்சை விட்டு அகலாத அந்தச் சிறு இசைத்துணுக்கை வாசித்தவரின் பெயர் இராது. கேட்டவர்கள் ஆயிரமாயிரம் பேர். அறிந்தவர்கள் கூடத்துக்குள் இருந்த சிலரே. இத்தகைய பெயரில்லா உழைப்பிலேதான் அவருடைய இளமைக் காலம் கழிந்தது. தம் பெயரிலே திரைப்பாடல் மெட்டுகளை வாத்திய இசையாக வாசித்துச் சில தட்டுகளை அவர் வெளியிட்டதும் உண்டு; திருமண விழாக்களிலே குழு அமைத்து வாசித்ததும் உண்டு. ஆயினும் தமக்கெனத் தனி இசை ஒன்றை ஆக்கும் வாய்ப்பு 1982 வரை அவருக்குக் கிட்டவில்லை.

அந்த ஆண்டுகளிலே பம்பாயை டிஸ்கோ மோகம் பிடித்திருந்தது. 1980இல் வெளிவந்த குர்பானி என்னும் படத்திலே, இலண்டனில் வாழ்ந்த இசைத் தயாரிப்பாளர் பித்துவின் இசையில் பாக்கிஸ்தானியச் சிறுமி நாசியா ஹசன் பாடிய பாடல் அம்மோகத்தைத் தொடக்கி வைத்தது. அவருடைய டிஸ்கோ தீவானே தட்டு 1981இல் வந்தது. 1982இல் பப்பி லாகிரி இசையமைத்த டிஸ்கோ டான்சர் என்னும் படம் வெளியாயிற்று. எங்கும் டிஸ்கோ, எல்லாப் படத்திலும் டிஸ்கோ. அதே தாளத்தைக் கொண்டு வேறொன்று செய்தால் என்ன என்று சரண்ஜித் சிங் எண்ணினார். தபேலாவை நிறுத்திவிட்டு, டிஸ்கோ தாளத்தின் மேல் இந்துஸ்தானி இராகங்களை வாசித்துப் பார்ப்பது என்பதே அவர் கண்ட வழி. வீட்டிலே பழகிப் பார்த்தார், பொருந்தி வந்தது. அதன் பின்னரே ஒலிப்பதிவுக் கூடத்துக்குச் சென்றார்.

அவர் கையாண்ட பொறிகள் மூன்று. மூன்றும் யப்பானிய நிறுவனமாகிய ரோலண்ட் ஆக்கியவை. முதலாவது, 1980இல் வெளிவந்த டீ.ஆர். 808 என்னும் தாளப்பொறி. இது மத்தளம் முதலிய தாள ஓசைகளை மின்சாரத்தினாலேயே உண்டாக்கும். ஒரு சுற்றை 16 படிகளாக வகுத்து, எந்தப் படியில் எந்த ஓசை வரவேண்டும் என்று விசைகளை அழுத்தி அமைத்துவிட்டால், நிறுத்தும்வரை அது தன்பாட்டிலே வாசித்துக்கொண்டிருக்கும். இரண்டாவது, 1981இல் வெளிவந்த டீ.பி. 303. இதனை வடிவமைத்தவர் தடாவோ கிக்குமோட்டோ. தனியே இருந்து கித்தார் பழகுவோருக்குத் துணையாக, மந்தர ஓசை தரும் பேஸ் கித்தார்காரரின் இடத்தை நிரப்புவதற்கென்றே இது செய்யப்பட்டது. மூன்றாவது, ஒரே வேளையில் 8 சுரங்களை ஒலிக்கவல்ல ஜூப்பிட்டர் 8 என்னும் சிந்தசைசர்.

மருதமுனையின் கைத்தறிகளைக் கண்டவர்களுக்கு இம்மூன்றும் ஒன்று சேர்ந்து இயங்கும் விதத்தை விளக்குவது எளிது. தறியிலே முதலில் பாவு விரிக்கப்படுகிறது. அது நெடுகிலும் ஒரே ஒழுங்காக, இழை தவறாமல் நிற்க வேண்டும். அதன் குறுக்கே நாடா ஓடி ஊடிழையைச் சேர்க்கச் சேர்க்க, நிறமும் கோலமும் புலப்படுகின்றன. சரண்ஜித் சிங்கின் இசையிலே தாளப்பொறியும் மந்தரப்பொறியும் பாவு போன்றவை. இரண்டையும் கம்பியினால் இணைத்து ஒரே காலப்பிரமாணத்தில் ஓட விட்டுவிட்டால் அவை பிசகுவதில்லை. அந்தப் பாவின் குறுக்கே ஜூப்பிட்டரின் விசைப்பலகையிலே அவர் விரல்கள் ஓடி இராகத்தை நெய்தன.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். இராகம் என்பது சுரங்களின் அடுக்கு மட்டுமன்று. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் அசைவே அதன் உயிர். அதைக் கருநாடக இசையிலே கமகம் என்பர். வடநாட்டார் மீண்ட் என்பர். விசைப்பலகைக் கருவியினால் அதைச் செய்வது அரிது. இந்தக் குறையைக் காட்டியே அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கி, 1971 வரை அத்தடையை நீடித்தது. அங்ஙனமாயின் மின்பொறியில் இராகம் எவ்வாறு பிறந்தது? சிந்தசைசரிலே சுரத்துக்குச் சுரம் வழுக்கிச் செல்லும் வசதி ஒன்று அமைந்திருந்தது. டீ.பி. 303இலும் அவ்வாறே சுரங்களை இழுத்து இணைக்கும் அமைப்பு இருந்தது. ஆர்மோனியத்தால் இயலாததை இப்பொறிகள் ஓரளவு செய்தன. மேனாட்டு இசைக்கென்று ஆக்கப்பட்ட அவ்வசதியை இராகத்தின் தேவைக்குப் பயன்படுத்திக் கொள்ளலாம் என்று கண்டதே சரண்ஜித் சிங்கின் நுண்ணறிவாகும். பொறியின் பயனை அதனை வாங்கியவர் கையே தீர்மானிக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

இவ்வாறு பிறந்த இசைத்தட்டுக்கு ‘ஒலியாக்கக் கருவியிலே டிஸ்கோ தாளத்துக்கு அமைந்த பத்து இராகங்கள்’ என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயர் இடப்பட்டது. பம்பாய் எச்.எம்.வி. கூடத்திலே ஒலிப்பதிவு நிகழ்ந்தது. 10 இராகங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5 நிமிடம். பூபாளி, தோடி, மதுவந்தி, மேக் மல்ஹார், யமன், கலாவதி, மால்கௌன்ஸ், லலித் என்பன அவற்றுட் சில. பூபாளி என்பது தமிழர் கேட்டுப் பழகிய மோகனத்துக்கு இணையானது, யமன் கல்யாணியை ஒத்தது, மால்கௌன்ஸ் இந்தோளம், கலாவதி வலசி. வடநாட்டுத் தோடியோ பெயரால் மயக்கம் தருவது. அதற்குத் தெற்கிலே ஒப்பாவது சுபபந்துவராளியேயன்றித் தோடியன்று. விடியற்காலத்து இராகமும் உண்டு. மாலை இராகமும் உண்டு. நள்ளிரவை நோக்கிய இராகமும் உண்டு. இவை அனைத்தின் கீழும் அதே நாலடித் தாளம் மாறாமல் ஓடுகிறது.

தட்டு வெளிவந்தது. இந்தியாவிலே வானொலியில் சிறிது ஒலித்தது. பின்னர் மறைந்தது. வாங்குவார் இல்லை. சாத்திரீய இசை விரும்புவோருக்கு அது விளையாட்டாகத் தோன்றியிருக்கலாம். ஆட விரும்புவோருக்கோ பாட்டும் குரலும் இல்லாத வறட்டு ஓசையாகத் தோன்றியிருக்கலாம். சரண்ஜித் சிங் மீண்டும் தம் வழக்கமான தொழிலுக்குத் திரும்பினார். வருந்தி முடங்கிவிடவில்லை, வாசிப்பதை விட்டுவிடவுமில்லை. அந்தத் தட்டு மட்டும் அவருடைய வாழ்க்கையில் ஒரு சிறு நிகழ்ச்சியாகக் கழிந்து போயிற்று.

இவ்விடத்திலே வரலாறு கடல் கடந்து அமெரிக்காவின் சிக்காகோ நகருக்குச் செல்கிறது. 1977 முதல் அங்கே வேர்ஹவுஸ் என்னும் நடன மண்டபத்தில் பிரான்கி நக்கிள்ஸ் என்னும் கறுப்பின இளைஞர் இசைத்தட்டுகளை ஒலிக்கச் செய்து வந்தார். அம்மண்டபத்தின் பெயரின் பிற்பகுதியே ஹவுஸ் என்று அவ்விசை வகைக்குப் பெயராயிற்று. 1979 யூலை 12ஆம் நாள் அதே நகரின் விளையாட்டரங்கொன்றிலே டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தனர் டிஸ்கோவை வெறுத்தோர். பெரிய நிறுவனங்கள் டிஸ்கோவைக் கைவிட்டன. கைவிடப்பட்டதைக் கறுப்பின இளைஞர்கள் தம் சிறு மண்டபங்களிலே காத்து வளர்த்தனர்.

கைவிடப்பட்டவற்றுள் டீ.பி. 303 பொறியும் ஒன்று. பேஸ் கித்தாரின் ஓசையை அது உண்மையாகத் தரவில்லை. அதனை இயக்கப் பழகுவதும் கடினமாயிருந்தது. ஆகவே விற்பனை வீழ்ந்தது; 1984இல் ரோலண்ட் நிறுவனம் அதன் உற்பத்தியை நிறுத்திற்று. பழைய பொருள் விற்கும் கடைகளிலே அது மலிவாகக் கிடைத்தது. அவ்வாறு மலிவாகக் கிடைத்த ஒன்றைச் சிக்காகோவின் பியூச்சர் என்னும் குழுவினர் வாங்கினர். டீஜே பியர், ஸ்பாங்கி, ஹெர்ப் ஜே என்போர் அக்குழுவினர். பொறியின் கைத்திருகுகளை ஓடும்போதே திருப்பத் திருப்ப, அது முனகியும் கீச்சிட்டும் நெளிந்தும் ஒருவகை ஓசை எழுப்பியது. அதனையே இசையாக்கி ஒலிநாடாவில் பதிந்து, மியூசிக் பொக்ஸ் என்னும் மண்டபத்தின் டீஜே ரோன் ஹார்டியிடம் கொடுத்தனர்.

அன்றிரவு நடந்ததைப் பலரும் எடுத்துச் சொல்லியிருக்கின்றனர். ஹார்டி அந்த ஒலிநாடாவை முதன்முறை போட்டபோது ஆடுமிடம் வெறுமையாயிற்று. அவர் விடவில்லை. பின்னர் இரண்டாம் முறை போட்டார். மூன்றாம் முறையும் போட்டார். நாலாம் முறை போட்டபோது கூட்டத்தினர் தம்மை மறந்து ஆடினர். 1987இல் அது அசிட் டிராக்ஸ் என்னும் பெயரோடு இசைத்தட்டாக வெளிவந்தது. அசிட் ஹவுஸ் என்னும் இசை வகை அதிலிருந்து பரவி, 1988இல் பிரித்தானிய இளைஞரிடையே பேரலையாக எழுந்தது. மலிவாக விற்ற 303 பொறிக்குப் பின்னர் பெருவிலை ஏறிற்று.

இப்போது இரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். 1982இல் பம்பாயில் ஒருவர் 303 பொறியையும் 808 பொறியையும் இணைத்து, நெளியும் மந்தர ஓசையோடு முழுத்தட்டு ஒன்றை ஆக்கினார். 5 ஆண்டுகளின் பின் சிக்காகோவில் வெளிவந்த இசையும் அதனை வியக்கத்தக்கவாறு ஒத்திருந்தது. ஒன்று உறங்கிற்று, மற்றொன்று உலகை ஆட்டியது. வேறுபாடு எங்கே இருந்தது? ஆக்கியவரின் திறமையிலன்று. பம்பாயில் சரண்ஜித் சிங்குக்கு ஒரு ரோன் ஹார்டி இல்லை. கூட்டம் விலகியபோதும் மனந்தளராமல், அதே தட்டை அதே இரவில் நாலு முறை ஒலிக்கச் செய்யும் ஒருவர் அவருக்குக் கிடைக்கவில்லை. அவ்வாறு ஒருவர் நின்று பணிபுரிவதற்கான நடன மண்டபமும், அங்கே வாரந்தோறும் கூடும் கூட்டமும் அன்று அமையவில்லை. புதிய இசைக்குச் செவி பழகுவதற்குச் சிறிது காலம் வேண்டும்; அந்தக் காலத்தை வாங்கித் தருபவரே டீஜே.

அவ்வாறு வாங்கித் தந்தவர் பம்பாயின் தட்டுக்கு 20 ஆண்டுகள் பிந்தி வந்தார். 2002ஆம் ஆண்டு, பழைய இந்தித் திரையிசைத் தட்டுகளைத் தேடித் திரிந்த எடோ போமன் என்னும் நெதர்லாந்து நாட்டவர், தில்லியிலே ஒரு கடையில் இத்தட்டைக் கண்டார். தங்கியிருந்த விடுதிக்குக் கொண்டுபோய்ச் சிறிய கருவியில் இட்டுக் கேட்டார். தாம் இளமையில் கேட்ட அசிட் ஹவுஸ் இசை அவர் செவியில் ஒலித்தது. உறையைத் திருப்பிப் பார்த்தால் ஆண்டு 1982. அவருக்கு உண்டான திகைப்பைச் சொல்ல வேண்டுவதில்லை. பின்னர் அவர் மும்பைக்குச் சென்று சரண்ஜித் சிங்கைச் சந்தித்தார். 2010இல் தம் பொம்பே கனெக்ஷன் நிறுவனத்தின் வழியாக அத்தட்டை மறுபடி வெளியிட்டார்.

கேட்டவர்களில் பலர் முதலில் நம்பவில்லை. இக்காலத்து மேனாட்டுத் தயாரிப்பாளர் எவரோ பொய்ப்பெயரில் வேடிக்கை செய்கிறார் என்றுகூடச் சிலர் கருதினர். தட்டும் மெய், ஆண்டும் மெய், ஆக்கியவரும் மெய் என்று தெளிந்தபின் ஐயம் வியப்பாக மாறியது. உலகெங்கும் டீஜேக்கள் அதனைத் தம் மண்டபங்களில் ஒலிக்கச் செய்தனர். எழுபதை எட்டிய பருவத்திலே சரண்ஜித் சிங் ஐரோப்பிய மேடைகளில் ஏறி, தம் பேரப்பிள்ளைகளின் வயதொத்த இளைஞர் முன்னிலையில் அந்த இராகங்களை மீண்டும் வாசித்தார். ஒருகாலத்தில் இசைத்தட்டின் உறையில் பெயர் காணாத வாத்தியக்காரரின் பெயர் விழாக்களின் சுவரொட்டிகளிலே இடம்பெற்றது. 2015 யூலை 5ஆம் நாள் அவர் மும்பையில் காலமானார்.

அசிட் ஹவுஸ் இசையைக் கண்டுபிடித்தவர் இவரே என்று முழங்குவோர் உளர். வரலாற்றை நோக்குவோர் ஈண்டு நிதானிக்க வேண்டும். சிக்காகோ இளைஞர்கள் பம்பாய்த் தட்டைக் கேட்டார்கள் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. ஒரே பொறி இரு வேறு நகரங்களில், இரு வேறு மரபினர் கையில் அகப்பட்டது. இருவரும் அதற்குரிய வேலையை விட்டு வேறு வேலை வாங்கினர். ஒருவரை இராக மரபு வழிநடத்தியது. மற்றவரை ஆடற்கூட்டம் வழிநடத்தியது. சிக்காகோவின் கறுப்பின இளைஞர்கள் உண்டாக்கிய இயக்கத்தின் பெருமையைப் பறித்து இவருக்குச் சூட்டுவது நீதியன்று. இவரும் புதியதோர் இசை வகைக்குத் தந்தை என்று உரிமை கொண்டாடப் புறப்பட்டவரல்லர். ஒன்றை முதலிற் செய்தவர் என்பதும், ஒன்றைத் தொடங்கி வைத்தவர் என்பதும் வெவ்வேறு செய்திகள். முதலாவது பெருமை சரண்ஜித் சிங்குக்கு உரியது. இரண்டாவது சிக்காகோவுக்கு உரியது.

இந்தியாவிலேயேகூட மின்னியல் இசை இவரோடு தொடங்கியதன்று. 1969இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலே, அமெரிக்க இசைவாணர் டேவிட் டியூடரின் துணையோடு, மூக் சிந்தசைசர் கொண்ட ஒலிக்கூடம் ஒன்று அமைந்தது. இந்தியக் கலைஞர்கள் சிலர் 1970களின் தொடக்கம் வரை அங்கே சோதனை இசை ஆக்கினர். அந்த ஒலிநாடாக்களும் நெடுங்காலம் பேழைக்குள் உறங்கின. பிரித்தானியக் கலைஞர் போல் பர்காஸ் தேடிக் கண்டு மீட்டெடுத்தபின், 2023இலேதான் அவை இசைத்தட்டாக வெளிவந்தன. தமிழ்த் திரையுலகில் 1986இல் புன்னகை மன்னன் படத்துக்கு இளையராஜா கணினியின் துணையோடு இசை அமைத்ததையும், 1992இல் ரோஜா படத்தின் மூலம் ஏ. ஆர். ரகுமான் மின்னியல் ஓசைகளைத் தமிழர் வீடுகளுக்குள் கொண்டு சென்றதையும் நேயர்கள் அறிவர். இவர்களுக்குத் திரைப்படம் என்னும் பெருவழி இருந்தது. அவர்கள் இசை உறங்கவில்லை. பெருவழி இல்லாதவர்களின் இசைதான் பேழைக்குள்ளும் கடைத்தட்டிலும் கிடந்தது.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்கும்போது ஒரு செய்தி தெளிவாகிறது. சரண்ஜித் சிங்கின் இசை பிழைத்ததற்கு முதற் காரணம் அது தட்டிலே பதியப்பட்டிருந்ததே. விற்காமற் போனாலும் எங்கோ ஒரு கடையில் ஒரு பிரதி தூசு படிந்து கிடந்தது. இரண்டாவது காரணம், தேடும் செவியுடைய ஒருவர் அக்கடைக்குள் நுழைந்தது. பதிவு இல்லையெனின் அவர் எதனைக் கண்டிருப்பார்? தேடுவார் இல்லையெனின் அப்பதிவு யாருக்குப் பயன்பட்டிருக்கும்?

இக்கேள்விகள் கிழக்குக் கரைக்கும் உரியவை. பொல்லடியின் அண்ணாவிமார் பலர் தம் பாட்டுகளையும் அடிவகைகளையும் தம்மோடு கொண்டு சென்றுவிட்டனர். றபான் ஒலித்துப் பாடிய பக்கீர்மார், களத்துமேட்டிலே சூடடிக்கும்போது பாடிய உழவர், கவி சொல்லி மறுகவி கேட்ட மூதாட்டியர் ஆகியோரின் குரல்களில் எழுத்திலே பதிந்தவை சில. ஒலியிலே பதிந்தவை அவற்றினும் சில. இன்றோ ஒலிப்பதிவுக் கருவி ஒவ்வோர் இளைஞன் கைப்பேசியிலும் இருக்கிறது. தாளப்பொறியும் சிந்தசைசரும்கூட அதே கைப்பேசிக்குள் அடங்கிவிட்டன. 1982இல் பம்பாயில் அரிதாய் இருந்தவை இன்று கல்முனைச் சந்தையில் எளிதாய்க் கிடைக்கின்றன. ஆகவே பொறி இல்லை என்பது இனி ஒரு குறையன்று. முதியவர் ஒருவரின் முன்னே அமர்ந்து, அவர் அடிக்கும் அடியை முழுதும் கேட்டு, ஊரும் பெயரும் ஆண்டும் குறித்துப் பதிந்து வைப்பதற்குப் பொறுமை வேண்டும். பதிந்ததை ஒருமுறை ஒலிக்கவிட்டுக் கூட்டம் விலகினால், நாலாம் முறையும் ஒலிக்கவிடுவதற்கு உறுதி வேண்டும்.

தில்லிக் கடைக்காரர் அந்தத் தட்டைக் கழிவென்று எறிந்திருந்தால், பம்பாய் வாத்தியக்காரர் ஒருவர் ஒரு நாள் தபேலாவை நிறுத்திவிட்டு இராகத்தைப் பொறியின் மேல் நெய்து பார்த்தார் என்னும் செய்தியை எவரும் அறிந்திரார். கரையோர ஊர்களின் வீட்டுப் பரண்களிலும் பழைய பெட்டிகளிலும் இன்னும் ஒலிநாடாக்கள் கிடக்கக்கூடும். அவற்றுள் யார் பொல்லடி, யார் றபான், யார் கவி உறங்குகின்றன என்பதைப் போட்டுக் கேட்டால்தான் தெரியும்.